உள்ளான் அலையோடு ஓடுவது ஏன்

கடலுக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், சங்கன் என்றொருவன் கரைப் பறவைகளில் இனத்துக்கு ஓர் இணை வீதம் பிடித்து ஓலைக் கூடைகளில் வளர்த்துவந்தான். தின்பதற்காக அல்ல, அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக. நீரின் பளபளப்பை நெடுங்காலம் நோக்கியதால் அவன் கண்கள் மங்கியிருந்தன. ஆகவே மணலில் கால்தடங்களை விரலால் தடவிப் பார்ப்பான். தடம் மிகுந்த இடத்தில் கண்ணி வைப்பான்.

அவனுக்கு ஒரு நெறி உண்டு. ஏழு நாளுக்குள் இணை அகப்படாவிட்டால், தனிப் பறவையைத் திறந்துவிடுவான். எட்டு நாள் என்று சொல்வோரும் உண்டு. பெரும்பாலோர் சொல்வது ஏழுதான்.

ஒரு காலையில் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையில் ஆண் ஒன்று கண்ணியில் விழுந்தது. சங்கன் அதைக் கூடையில் அடைத்தான். அதன் பெண் துணை கூடையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. மேலே பறந்த ஆலா சிரித்தது.

"என்னடி, அவனுக்கு வழி போட்டுக் கொடுக்கிறாயா? இந்தத் தடத்தைப் பிடித்தே நாளைக்கு உன்னையும் தூக்கி உள்ளே போடுவான்."

"இவரை விட்டுவிட்டுப் பறந்து போகச் சொல்கிறாயா?"

"இரு. ஆனால் நடக்காதே."

"நடக்காமல் இரை எப்படித் தேடுவது? ஏழு நாள் பட்டினி கிடந்தால், இவர் வெளியே வரும்போது நான் இருக்கமாட்டேன்."

பெண் உள்ளான் கடலிடம் போயிற்று.

"அம்மா, என் தடத்தை அழித்துத் தருவாயா?"

"அழிப்பேன். ஆனால் நான் யாருக்காகவும் நிற்பவளல்ல. நான் போகும்போது நீ பின்னால் வரவேண்டும். நான் வரும்போது முன்னால் ஓடவேண்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, மகளே."

"சரி" என்று சொல்லி, உள்ளான் ஈர மணலில் கால் வைத்தது.

பிறகு வந்த நாள்களில் கரை முழுவதும் ஒரு கனவுபோல வழுவழுப்பாகக் கிடந்தது. நுரையின் ஓரத்தில் ஒரு சிறு வெண்மை போவதும் வருவதுமாக இருந்தது. அது நுரையா பறவையா என்று சங்கனுக்குத் தெரியவில்லை. விடியுந்தோறும் மணலைத் தடவினான். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

ஏழாம் நாள் மாலை கூடையைத் திறந்தான்.

"போ. உன் வீட்டுக்காரி கெட்டிக்காரி."

ஆண் உள்ளான் நீரோரத்துக்குப் பறந்தது. "வா, போய்விடலாம்" என்றது.

"கொஞ்சம் பொறுங்கள், அலை வருகிறது" என்று சொல்லிப் பெண் ஓடிற்று. ஆணும் உடன் ஓடிற்று.

அன்று தொடங்கிய ஓட்டந்தான். உள்ளான்கள் இன்றும் வடியும் நீரைத் துரத்துகின்றன, ஏறும் நீருக்கு முன்னே ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வருபவர் தடம் தேடிக் குனிந்தால், ஈர மணல் மட்டும் மினுங்குகிறது.