எரியாத கால்

உப்பளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே குருவாக இருந்த வடிவம்மைக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

ஆவுடையப்பன் பட்டிமன்றப் பேச்சாளர். எந்த அணியில் உட்கார வைத்தாலும் ஜெயித்துக் கொடுப்பார். ஞானம் வேண்டும் என்றுதான் மடத்துக்கு வந்தார். ஆனால் ஞானத்தின் மேல் இருந்த ஆசையைவிட மைக்கின் மேல் இருந்த ஆசை ஒரு பிடி கூடுதல். கூட்டம் கலைந்த பிறகும் அவர் பேச்சு ஓயாது. மழை விட்டும் தூவானம் விடாத கதைதான்.

அந்த வருஷம் ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தங்கப்பழம் நின்றார். யோக்கியமான மனிதர். அவருக்காக ஆவுடையப்பன் மேடை ஏறினார். எதிரில் நின்றவர் துரைச்சிங்கம், லாரி முதலாளி.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் மூச்சு வாங்க மடத்துக்குள் ஓடி வந்தார். வடிவம்மை கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஊருக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கு!”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார நேரமில்லம்மா! நேத்து துரைச்சிங்கம் அளத்துக்கு வந்தான். சும்மா வரல, கொட்டு மேளத்தோட வந்தான். நானும் தங்கப்பழமும் ரோட்டுல நின்னு பாத்தோம். வந்தவன் செருப்பக் கழட்டி எறிஞ்சான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு உப்புப் பாத்தியில எறங்கிட்டான்.”

“எறங்கி?”

“எறங்கி, மைக்கப் பிடிச்சு ஒரே கத்து! ‘ஐயோ, எரியுதே! என்னைப் பெத்த தாய்மாரே, இந்த எரிச்சலையா தினமும் தாங்குதிய’ன்னு அழுதான்மா. கண்ணுல தண்ணி! பொம்பளைங்க எல்லாம் குலவை போடுதாக. ஆம்பளைங்க விசிலடிக்கான். எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு புல்லரிச்சிருச்சுன்னா பாத்துக்கிடுங்க.”

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. குரல் இறங்கியது.

“அதோட விட்டானா? ‘உங்க வயித்துல அடிக்கது யாரு தெரியுமா? வடக்குக் கரையில குடிசை போட்டிருக்கானே, அந்த வெளியூர்க்காரன். நான் ஜெயிச்சா அங்க ஒரு குடிசை இருக்காது’ன்னான். அதுக்கும் விசிலு.”

அளத்தின் வடக்குக் கரையில் இருந்தவர்கள் மழை பொய்த்த ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே அளத்தில், அதே கூலிக்கு உப்புச் சுமப்பவர்கள். போன பொங்கலுக்கு ஆவுடையப்பனைக் கூப்பிட்டுப் பேச வைத்து, பழைய பாயைத் தட்டிப் போட்டுச் சோறு போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஊரில் ஒன்றும் இல்லை. அதை நினைத்து அவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மேடையில் எத்தனையோ நடிப்பு அவரிடம் உண்டு. இது நடிப்பு இல்லை.

“சொல்லுங்கம்மா. இம்புட்டுப் பெரிய பொய்யை இந்தச் சனங்க ஏன் நம்புது?”

வடிவம்மை கூழைக் கிண்டிய துடுப்பைப் பானையின் விளிம்பில் தட்டினார்.

“செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் அந்தப் பாத்தியில எறங்கி நில்லுங்க அண்ணாச்சி.”

“நானா?”

“நீங்கதான்.”

“எவ்வளவு நேரம்மா?”

“பதில் கிடைக்க வரைக்கும்.”

குரு சொன்னால் சீடர் செய்ய வேண்டும். ஆவுடையப்பன் வெயில் ஏறுவதற்குள் அளத்துக்குப் போய்விட்டார். செருப்பை வரப்பில் விட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாத்தியில் காலை வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

உப்பு காலுக்கடியில் நறநறத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இடது காலை எடுத்து வலது காலை அழுத்தி வைத்தார். அப்போதும் எரியவில்லை.

பக்கத்துப் பாத்தியில் இரண்டு பெண்கள் உப்பை வாரி ஓலைப்பெட்டியில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இந்த ஊர்க்காரி சந்தனமாரி. இன்னொருத்தி வடக்குக் கரைச் செல்லக்கனி. நிறைந்த பெட்டியைச் செல்லக்கனி தூக்கிவிடுவாள், சந்தனமாரி தலையில் வாங்குவாள். தனி ஆளாக அந்தப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்க முடியாது.

சந்தனமாரி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, நீங்களும் எறங்கிட்டிய? எலெக்‌ஷன் முடியதுக்குள்ள ஊருல ஒருத்தர் காலுலயும் செருப்பு இருக்காது போல!”

ஆவுடையப்பனின் கண் அவளுடைய காலில் நின்றது. குதிகால் நெடுக வெடிப்பு. விரல் இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒரு விரலில் பழைய துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்தார். கீறல் இல்லாத கால். சட்டென்று அவருக்குப் பொறி தட்டியது.

புண் இருக்கிற காலுக்குத்தான் எரியும்! துரைச்சிங்கத்தின் கால், லாரி சீட்டில் மடித்து வைத்து வளர்ந்த கால். அது எப்படி எரிந்திருக்கும்?

“கிடைச்சிருச்சு!” என்று கத்தினார்.

“என்ன அண்ணாச்சி தொலைச்சிய?” என்றாள் செல்லக்கனி.

அவர் அதற்குள் வரப்பில் ஏறிவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். சந்தனமாரி பின்னாலிருந்து ஏதோ சொல்ல வந்தாள். கேட்க அவருக்கு நேரமில்லை. அம்மான்னா அம்மாதான், எப்பேர்ப்பட்ட ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டார் என்று வழியெல்லாம் குருவை வாழ்த்திக்கொண்டே போனார்.

சாயங்காலம் சந்தை முக்கில் கூட்டம். ஊரே வந்திருந்தது. முதலில் தங்கப்பழம் பேசினார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் அனுமதி தர வேண்டும் என்று வகுப்பெடுத்தார். அத்தனையும் உண்மை. முன்வரிசையில் இருந்த ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அப்புறம் ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

“என் அருமை உப்பளத் தோழர்களே! இன்னைக்குக் காலையில நானும் அந்தப் பாத்தியில எறங்கினேன். நின்னேன். எரிஞ்சுதா?”

கூட்டம் நிமிர்ந்தது. தூங்கியவரும் விழித்துக்கொண்டார்.

“எரியலை! ஒரு துளி எரியலை! ஏன்? என் காலுல வெடிப்பு இல்ல, புண்ணு இல்ல. புண்ணு இருக்க காலுக்குத்தான் உப்புத்தண்ணி எரியும்! அப்படின்னா துரைச்சிங்கத்துக்கு எப்படி எரிஞ்சது? அவர் காலு பஞ்சு மெத்தையில கெடக்க காலு! எரியாத காலை வச்சுக்கிட்டு எரியுதுன்னு அழுதாரே, அது நடிப்பு! உங்கள ஏமாத்த ஆடின நாடகம்! இப்பச் சொல்லுங்க, இந்த நடிகருக்கா உங்க ஓட்டு?”

கையை உயர்த்தியபடி நின்றார். இனி ஆவேசம் பொங்கும், துரைச்சிங்கத்தின் கொடி கிழியும் என்று அவர் உடம்பெல்லாம் துடித்தது. தங்கப்பழம்கூட நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆவுடையப்பனும் கொஞ்சம் சிரித்தார். அவர்கள் துரைச்சிங்கத்தைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தார். சந்தனமாரி எழுந்து நின்ற பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று விளங்கியது.

“அண்ணாச்சி, பாத்தியில நிக்கது நாங்க. மொத நாளு எறங்குதவனுக்கு எரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? காலையில அதத்தான் சொல்ல வந்தேன். நீங்கதான் ஓடிட்டிய.”

“தெரியுமா?”

“துரைச்சிங்கம் எறங்கின ஒடனே தெரிஞ்சிபோச்சு. குதிகால ஊனி நிக்காரு மனுசன். வெடிப்பு இருக்கவ யாராவது குதிகால ஊனுவாளா?”

மறுபடி சிரிப்பு. ஆவுடையப்பன் மைக்கை வாயருகே இழுத்தார்.

“தெரிஞ்சுமா குலவை போட்டிய? பொய்யின்னு தெரிஞ்சுமா?”

“அவருக்கு எரியுதுன்னது பொய்யி அண்ணாச்சி. எங்களுக்கு எரியும்னது நெசந்தான?”

அவர் தங்கப்பழத்தைத் திரும்பிப் பார்த்தார். சந்தனமாரி விடவில்லை.

“எங்க காலு எரியுதுன்னு இந்த ஊருல மைக்குல சொன்னது அந்த ஆளுதான். நடிப்புதான். ஆனா நடிக்கதுக்காவது எங்க காலைப் பாத்திருக்காருல்லா? தலைமையாசிரியரு இம்புட்டு நேரம் பேசினாரு, அவரு பேச்சுல எங்க காலு எங்க வந்துச்சு?”

இப்போது விசில் பறந்தது. ஆவுடையப்பன் கடைசி அம்பையும் எடுத்து விட்டார்.

“சரி தாயி, அவன் வடக்குக் கரையை விரட்டுவேங்கான். உன் தலையில பெட்டியத் தூக்கி விடுதாளே செல்லக்கனி, அவளையும் விரட்டுவான். அதுக்குமா உன் ஓட்டு?”

சந்தனமாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது அநியாயம்தான்,” என்றாள் சந்தனமாரி. அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “அத நெனைச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. ஆனா அண்ணாச்சி, இவ காலும்தான் எரியுது. இவளுக்காகப் பேசுதேன்னு சொல்லுதியளே, நீங்க இவ காலப் பத்தி என்னைக்காவது பேசியிருக்கியளா?”

அந்த நேரம் பார்த்துத் தெற்குத் தெருவிலிருந்து துரைச்சிங்கத்தின் ஊர்வலம் வந்தது. கொட்டு முழங்கியது. வேட்டு வெடித்தது. தலைக்குத் தலை எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தை முக்கில் காலி நாற்காலிகளும் தங்கப்பழமும்தான் மிச்சம்.

ஆவுடையப்பன் நேராக மடத்துக்குப் போனார். வடிவம்மை வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மானம் போச்சு! நீங்க சொன்னபடிதான செஞ்சேன்?”

“நான் எறங்கி நிக்கத்தான சொன்னேன் அண்ணாச்சி. ஓடி வரச் சொல்லலையே.”

“பதில் கிடைச்சிருச்சேம்மா! அவனுக்கு எரியலைன்னு தெரிஞ்சுபோச்சே!”

“உங்க கேள்வி அவரைப் பத்தியா? சனங்களைப் பத்தில்லா கேட்டிய.”

ஆவுடையப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். கூட்டத்தில் நடந்த அத்தனையையும் சொன்னார். சந்தனமாரி கேட்டதை அவள் குரலிலேயே சொன்னார். நினைவாற்றல் அவருக்கு எப்போதும் அபாரம். சொல்லச் சொல்ல அவருக்குப் படபடப்பு கூடியது.

“நாளைக்குச் சாயங்காலத்தோட பிரசாரம் முடிஞ்சிரும். ஒரே ஒரு கூட்டம்தான் பாக்கி. அதுல நான் சரியாப் பேசலைன்னா அந்தக் குடிசைகளைப் பிச்சு எறிஞ்சிருவாங்கம்மா. மழைக்காலம் வருது. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போவாக? நான் என்ன பேசட்டும்? நீங்க சொல்லுங்க, நான் பேசுதேன். ஒரு வார்த்தை மாத்தாமப் பேசுதேன்.”

வடிவம்மை திரியைத் தூண்டிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்த அளம் உங்களுக்கு எத்தன வருஷப் பழக்கம் அண்ணாச்சி?”

“பொறந்ததுல இருந்தும்மா. பள்ளிக்கூடம் போனது, கூட்டத்துக்குப் போறது, இங்க வர்றது எல்லாம் அந்த ரோட்டுலதான.”

“அந்தப் பொம்பளைகளை?”

“எல்லாரையும் தெரியும். பேரு சொல்லிக் கூப்பிடுவேன்.”

“அவங்க காலு எரியும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அந்த நிமிஷமே பேசத் தொடங்குகிற வாய் அது. இப்போது வெறுமனே திறந்திருந்தது. தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது.

“நேத்து,” என்றார்.

“யாரு சொல்லி?”

அவர் குருவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“துரைச்சிங்கம்.”

“அப்போ இந்தப் பாடத்துக்கு உங்களுக்கும் அவர்தான குரு. என்கிட்ட எதுக்குக் கேக்கிய அண்ணாச்சி?”