இடது காலின் கோடு

தடகளப் பயிற்சியாளர் செண்பகராஜ் ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் மாணவரானார். அவருக்குக் குருவாக வாய்த்த மெஹருன்னிசா வயதில் மிகவும் இளையவர். ஓடும் உடலையும் தாவும் உடலையும் மைதானத்திலேயே வைத்து அளந்து பார்ப்பது அவர் வேலை.

அன்று காலை அவர்கள் முன் ஜெனிட்டா நின்றாள். நீளம் தாண்டும் பெண். போன வருடம் தாண்டி விழுந்ததில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, மெல்லத் தேறி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. அவள் அதில் தாண்டலாமா, கூடாதா? அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும்.

கால் ஊன்றும் விசையை அளக்கும் இரண்டு பலகைகள் தரையில் பதிந்திருந்தன. பக்கத்திலிருந்த பெட்டிமேல் ஏறி, காலுக்கு ஒரு பலகையாக அவற்றின்மேல் குதிக்க வேண்டும்.

ஜெனிட்டா குதித்தாள். பலகைகளோடு இணைத்த திரையில் வலது காலின் கோடு உயரமாக எழும்பியது. இடது காலின் கோடு பாதியில் நின்றது. மறுபடி குதித்தாள். மறுபடியும் அப்படியே.

“வலிக்குதா?” என்றார் மெஹருன்னிசா.

“இல்ல மேடம். சத்தியமா இல்ல.”

“ரெண்டு காலுக்கும் பலம் சமம்னு நேத்துதானே பார்த்தோம்?” செண்பகராஜின் குரல் உயர்ந்தது. “அப்புறம் ஏன் இடது காலை ஒதுக்குறே? பயத்தை விட்டுட்டுக் குதி!”

“நான் ஒதுக்கலை சார். ரெண்டையும் ஒண்ணாத்தான் வைக்கிறேன்.” அவள் கண் கலங்கிவிட்டது.

“அவ பொய் சொல்லலை சார்,” என்றார் மெஹருன்னிசா.

“அப்போ யார் மேடம் ஒதுக்குறது?”

மெஹருன்னிசா பலகைகளைக் காட்டினார். “ஷூவைக் கழட்டிட்டு நீங்க ஏறி நில்லுங்க. அசையாம.”

செண்பகராஜ் ஏறி விறைப்பாக நின்றார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். திரையில் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

“மெஷின்ல ஏதோ கோளாறு. நான் அசையவே இல்லையே.”

“இந்தச் சின்னத் துடிப்பு உங்க இதயம். இங்க நீங்க முன்னால சாயறீங்க. இங்க உங்க கால் உங்களை இழுத்து நிறுத்துது. சும்மா நிக்கிறப்பகூட விழுந்துக்கிட்டேதான் இருக்கோம் சார். நாம கேக்காமலே அது தாங்கிப் பிடிக்குது.”

செண்பகராஜ் திரையையே பார்த்தார். எத்தனையோ பேரை நிற்கவும் ஓடவும் பழக்கியவர் அவர். நிற்பது என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தார்.

“உங்க வலது காலுக்கு என்ன ஆச்சு?” என்றார் மெஹருன்னிசா.

“ஒண்ணும் ஆகலையே.”

“எடையில அதிகம் இடது காலுக்கே போகுது.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். கல்லூரியில் தடை ஓட்டத்தின்போது வலது கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டுச் சரியானது. அதை அவர் மறந்தே போயிருந்தார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

“இத்தனை வருஷமாவா?” குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கே தெரியாம?”

“சாருக்கும் அப்படித்தானா?” என்றாள் ஜெனிட்டா, திரையை எட்டிப் பார்த்து.

அவர் கீழே இறங்கினார். “உன்னைத் திட்டியிருக்கக் கூடாதும்மா,” என்றார். பிறகு, “ஞாயித்துக்கிழமை வேண்டாம். உன் கால் இன்னும் பயப்படுது. அடுத்த வருஷம் தாண்டு.”

அவள் புல்தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

செண்பகராஜ் தாழ்ந்த குரலில் கேட்டார். “ஆபத்து போயிடுச்சுன்னு அந்தக் காலுக்கு எப்படி மேடம் சொல்றது?”

மெஹருன்னிசா பெட்டியை அப்பால் தள்ளினார். அந்த இடத்தில் ஒரு தட்டையான மரக்கட்டையைப் போட்டார். செங்கல் உயரம்கூட இல்லை. ஜெனிட்டாவைக் கைநீட்டி அழைத்து அதன்மேல் நிற்க வைத்தார்.

“இறங்கும்மா. மெதுவா.”

அவள் இறங்கினாள். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாக எழுந்தன.

“சொன்னா கேக்காது சார்,” என்றார் மெஹருன்னிசா. “ஒவ்வொரு தடவையும் பத்திரமா இறக்கி விடுங்க. அதுவே பார்த்து நம்பட்டும்.”