எடை கூடாத முத்திரை

ஈரோட்டில் ஒரு சிறிய கம்பெனி பால் பண்ணைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. மென்பொருளை வடிவமைக்கும் அதன் தலைமை ஆர்க்கிடெக்ட் கஜேந்திரனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. புதிதாகச் சேர்ந்த செம்மலர் மேல் சுத்தமாகக் கிடையாது.

கிராமத்தில் பாலை லிட்டரில் அளப்பார்கள். பண்ணையில் கிலோவில் நிறுப்பார்கள். கணக்கு எங்கேயோ இடித்தது. பண்ணை மேலாளர் எட்டியப்பன் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கஜேந்திரன் செம்மலரைக் கூப்பிட்டார். "ஒவ்வொரு எண் மேலயும் லிட்டரா, கிலோவான்னு முத்திரை இருக்கணும். ஆனா மெமரி ஒரு பைட்கூட ஏறக் கூடாது. முடியலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

மாலையில் அவள் முடித்துவிட்டதாகச் சொன்னாள். அவள் எழுதிய பகுதியை மட்டும் ஓட்டி அவர் மெமரியை அளந்து பார்த்தார். "ஒரு பைட்கூட ஏறலையே. ஒண்ணும் செய்யாமலே செஞ்சேன்னு சொல்றியா?"

"லிட்டர் ஒரு வகை, கிலோ வேற வகைன்னு அறிவிச்சிருக்கேன் சார். இந்த மொழியில அந்த வகை, எண் மேல போட்ட உறை மாதிரி; கம்பைலருக்கு மட்டும்தான் தெரியும். சரிபார்த்ததும் உரிச்சுப் போட்டுடும். ஓடும்போது வெறும் எண்தான் இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாத முத்திரையா? யார்கிட்ட கதை விடுறே?"

"நீங்களே எல்லாத்தையும் சேர்த்துக் கம்பைல் பண்ணிப் பாருங்க சார்."

பண்ணினார். எழுதியதைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் அந்த கம்பைலர், லிட்டரோடு கிலோவைக் கூட்ட முடியாது என்று ஒரு வரியில் நின்றுவிட்டது. அது கஜேந்திரனே எழுதிய வரி.

எட்டியப்பன் எட்டிப் பார்த்தார். "பால் ஊத்துறவங்க தண்ணி கலக்குறாங்கன்னு இத்தனை நாளா சந்தேகப்பட்டோம். கலப்படம் இங்கதான் நடந்திருக்கு."

கஜேந்திரன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்த வரியை நாளைக்குத் திருத்திடலாம் சார்," என்றாள் செம்மலர், "நீங்க வரச் சொன்னீங்கன்னா."