நாற்பது வாளித் தண்ணீர்

ஈரோட்டுப் பக்கம் ஒரு ராஜாங்கம் உண்டு. கோட்டை கிடையாது, கொத்தளம் கிடையாது. முப்பது தறி ஓடுகிற துண்டு ஆலைதான். ஆனால் முதலாளி நாச்சிமுத்து வாயைத் திறந்தால் ஆலையே கைகட்டி நிற்கும். திறந்த வாயை அவர் மூடுவதும் லேசில் இல்லை.

அங்கே விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சௌடேஸ்வரி. துண்டு விற்க ஊர் ஊராக அலைந்து தங்கும் விடுதிகளின் வாசலில் காத்துக் கிடப்பானேன், கம்ப்யூட்டர் திரையிலேயே விடுதிக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து வெபினார் நடத்தலாமே என்றாள். முதலாளிக்கு யோசனை பிடித்தது. அளவுக்கு மீறிப் பிடித்தது. முதல் வெபினாரில் அவரே உட்கார்ந்து, தாத்தா முதல் தறி வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தார். அப்போது திரையில் நாற்பது பேர். தாத்தாவுக்குக் கல்யாணம் ஆகும்போது பதினொரு பேர். அப்பா பிறந்தபோது மூன்று பேர். அதில் ஒருவர் முதலாளியின் சொந்த மருமகன்.

பொது மேலாளர் சடகோபனுக்கு சௌடேஸ்வரியைக் கண்டாலே ஆகாது. முதலாளியின் காதில் ஓதினார்: "ஜனங்க ஓடுனது உங்க பேச்சாலயாங்க ஐயா? அந்தப் பொண்ணோட ஏற்பாடு சரியில்லீங்க." ஓதியதோடு சில நிபந்தனைகளையும் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளி சௌடேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெபினார் ரெண்டு மணி நேரம். நம்ம ஆலைல நான் ஒருத்தன்தான் பேசுவேன். வேற ஒருத்தரும் வாயைத் தொறக்கக்கூடாது. வந்தவங்க ஒருத்தரும் நடுவுல போகக்கூடாது. போனா உன்ற பிரிவையே மூடிருவேன்."

மூடினால் அவளோடு சேர்த்து நாலு பேர் வேலை போய்விடும்.

"சரிங்க ஐயா. நாங்க யாரும் பேசலைங்க. வந்தவங்க பேசலாமுங்களா?"

"அவிங்க வாயை நானா கட்டிப்போட்டேன்? பேசட்டும்."

"அது போதுமுங்க."

நாற்பது விடுதிகளுக்கு நாற்பது பார்சல் போனது. உள்ளே ஒரு நீலத் துண்டு. கூடவே ஒரு சீட்டு: 'வெபினாருக்கு வரும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று அப்போது தெரியும்.'

குறித்த நாளில் நாற்பது பேரும் வாளியோடு வந்து உட்கார்ந்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க தாத்தா..." என்றார். சௌடேஸ்வரி ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'துண்டால் உங்களுக்குப் பெரிய தலைவலி எது? சாயம் போவதா, நூல் பிரிவதா, காயாமல் கிடப்பதா, வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போவதா?'

முப்பத்தொரு பேர் கடைசியதைத் தொட்டார்கள். முதலாளி தாத்தாவை மறந்தார்.

"துண்டையா எடுத்துட்டுப் போறாங்க?"

"பல்புகூட மிஞ்சறதில்லை சார்!" என்றார் குற்றாலத்துக்காரர். திரை முழுக்கச் சிரிப்பு.

அப்புறம் ஊட்டிக்காரர் மழைக்காலத்தில் துண்டு காயாத கஷ்டத்தைச் சொன்னார். பதினாறு வயதில் தறிக்குழியில் இறங்கியவர் நாச்சிமுத்து. எந்த நூலில் நெய்தால் சீக்கிரம் காயும் என்று கண்ணில் ஒளி வர விளக்கினார். கேள்விமேல் கேள்வி வந்தது. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

"சரி, துண்டை வாளில முக்குங்க. பொட்டுச் சாயம் போவாது!" என்றார் முதலாளி.

முக்கினார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஒரு குரல். பதினொரு விடுதிகளுக்குச் சாமான் வாங்குகிற ரோஸ்லின் மேரி.

"இதென்ன சார், எனக்க வாளில மையைக் கரைச்சது மாதிரி இருக்கு!"

முதலாளி மேசையிலிருந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரமாக நின்ற சடகோபன் மீசையைத் தடவினார். சௌடேஸ்வரி வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் ஓடியது. அடுத்த கேள்வி வந்தது: 'உங்கள் வாளியில் தண்ணீர் எப்படி இருக்கிறது? தெளிவா, நீலமா?'

தெளிவு முப்பத்தொன்பது. நீலம் ஒன்று.

அதைப் பார்த்ததும் முதலாளிக்கு உயிர் வந்தது. "அம்மா, துண்டு மூலைல சிவப்பு முத்திரை இருக்குதுங்களா?"

"இருக்கு சார்."

"அது செகண்ட்ஸுங்க. தேறாதுன்னு நாங்களே ஒதுக்குன துணி. எங்க கேட்டைத் தாண்டவே கூடாது. தாண்டிருச்சு. தப்பு எங்களுதுதான். இன்னிக்கே நல்ல துண்டு அனுப்பறனுங்க."

ரோஸ்லின் மேரி துண்டைப் பிழிந்து ஓரமாகப் போட்டாள். "நாற்பது பேர் முன்னால தப்பை ஒத்துக்கிட்டீங்களே சார். வரட்டும், முக்கிப் பாத்துட்டு பதினொரு விடுதிக்கும் உங்ககிட்டயே வாங்குறேன்."

வெபினார் முடிந்தபோது நாற்பது பேரும் இருந்தார்கள். இன்னும் எட்டு விடுதிக்காரர்கள் தங்களுக்கும் துண்டு வேண்டுமென்று எழுதியிருந்தார்கள்.

சடகோபன் முந்திக்கொண்டார். "ஐயா, இந்தப் பொண்ணு நடுநடுவே கேள்வி கேட்டுது. உங்க உத்தரவை மீறிருச்சு."

"வாயைத் தொறக்கக்கூடாதுன்னீங்க, தொறக்கலைங்க ஐயா," என்றாள் சௌடேஸ்வரி. "விரலைப் பத்தி உத்தரவு ஒண்ணும் இல்லீங்களே."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நிறுத்தி சடகோபன் பக்கம் திரும்பினார். "அதிருக்கட்டும். செகண்ட்ஸ் ரூம் சாவி யாருகிட்ட இருக்குது?"

சடகோபன் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்து கிலுங்கியது. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆலையில் அவர் பேசாமல் இருந்தால் அதைவிடப் பயங்கரம் வேறில்லை.

பிறகு சௌடேஸ்வரியிடம், "உனக்கு என்ன வேணும்? கேளு," என்றார்.

"ஒரே ஒரு துண்டு போதுமுங்க ஐயா."

மேசையிலிருந்த நீலத் துண்டை எடுத்தாள். நேராகப் போய் சடகோபனின் சுழல் நாற்காலியில் விரித்துப் போட்டாள்.

"ஏம்மா, அந்தச் சேர்லதான் ஆள் இருக்காரே?"

"எறங்கப் போறவரு சீட்டுலதானுங்க ஐயா துண்டு போட்டு வைக்கணும்!"

முதலாளி சிரித்த சிரிப்பு முப்பது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.