லட்சணமான வெளிச்சம்

தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் குழல்வாய்மொழி என்றொரு பெண் சித்த வைத்தியர். அவரிடம் பாடம் கேட்க வந்த சீடர் சிவசைலம், ஆசானைவிட இருபது வயது மூத்தவர். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மீட்டரில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை.

வைத்திய அறையில் ஜன்னல் இல்லை, நல்ல விளக்காகப் பார்த்து மாட்டுங்கள் என்றார் ஆசான். சிவசைலம் மூன்று பல்பு வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மாட்டி, மேசைமேல் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார். மஞ்சள் ஒளி தந்த பல்பு நானூற்றுப் பத்து காட்டியது. மற்ற இரண்டும் கிட்டேகூட வரவில்லை.

"இதுல இன்னொரு விசேஷம் அம்மா. யார் மூஞ்சியும் லட்சணமாத் தெரியுது."

அதையே மாட்டினார்.

மறுநாள் சாரல் மழையில் இசக்கி என்ற பெண் ஆறு நாள் ஆண்பிள்ளையைத் தூக்கி வந்தாள். பால் குடிக்க மாட்டேன் என்கிறான், எந்நேரமும் தூங்குகிறான் என்றாள். ஆசான் சீடரைப் பார்க்கச் சொன்னார். அவர் விளக்குக்கு நேரே கிடத்தி, கண்ணையும் தோலையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல நிறமா இருக்கான். வயித்துப் பொருமலாத்தான் இருக்கும்."

ஆசான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். துணிக்கடையில் புடவையை வெளியே கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அதுபோல. பகல் வெளிச்சத்தில் அவன் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுந்திய இடம் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். உள்ளே விளக்கடியில் எல்லாமே மஞ்சளாக இருந்ததால் பிள்ளையின் மஞ்சள் தெரியாமல் போயிருந்தது.

சிவசைலம் திரும்பி உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தார்.

காமாலை, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று ஆசானே ஆட்டோ பிடித்துத் தாயையும் பிள்ளையையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம்தான் திரும்பினார். காமாலை இறங்கப் பிள்ளையை நீல விளக்கடியில் வைத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வான் என்றார்.

சிவசைலம் பல்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மீட்டர் பொய் சொல்லலை அம்மா."

"சொல்லலை அண்ணாச்சி. வெளிச்சம் எவ்வளவுன்னு கேட்டிய, அது சொல்லிச்சு."

"அப்ப எந்த விளக்கை மாட்டட்டும்?"

"எதுக்கு அடியில அந்தப் பிள்ளையைப் பாத்தா, 'நல்ல நிறமா இருக்கான்'னு உங்களுக்குச் சொல்ல வராதோ, அதை மாட்டுங்க."