இரண்டு கையிலும் டம்ளர்

"ஒரு பிசிறுகூட விடாம எடுத்துட்டேன் மேடம். அப்புறமும் அந்தப் பொண்ணு, இது என் குரலே இல்லைங்குது."

வந்த கோபத்தில் சற்குணம் செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்துவிட்டார்.

வடபழனிப் பக்கத்தில் பாடகர்களின் குரலைத் திருத்தும் ஆள் என்றால் சற்குணம்தான். சுருதி விலகினால் கம்ப்யூட்டரில் இழுத்து வைப்பார். தாளம் தப்பினால் நகர்த்தி வைப்பார். மூச்சுச் சத்தம் கேட்டால் வெட்டி எறிவார். ஜலதோஷத்தோடு வந்து பாடிவிட்டுப் போனவர்கள்கூட அவர் புண்ணியத்தில் தேன் குரல் என்று பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உள்ளே உட்கார்ந்திருந்த ஹபீபா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். இருந்தாலும் ஒலிக்கலவை வேலையை மூன்று வருடமாக ஹபீபாவிடம்தான் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொள்வதற்கு வெட்கப்படுகிற ஆள் இல்லை அவர்.

விஷயம் இதுதான். வேதவல்லி என்று ஒரு புதுப் பாடகி. அவளுடைய முதல் பாட்டு. திருத்தி முடித்ததைக் காலையில் அவளுக்கு அனுப்பியிருந்தார். அவளும் அவள் அம்மாவும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். யாருடி பாடுறது என்று அம்மா கேட்டாளாம்.

வேதவல்லி சண்டை போடவில்லை. என் பேரை மட்டும் எடுத்துடுங்க சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். பாட்டை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

முதல் பாட்டிலேயே பேர் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னது சற்குணத்துக்கு மனசை அறுத்தது.

"இதுக்கு மேல என்னத்தைத் திருத்த? நீங்களே சொல்லுங்க."

"முழுப் பாட்டையும் எத்தனை தடவை கேட்டீங்கண்ணே?"

சற்குணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாளாக அவர் காதில் வேறெதுவுமே விழவில்லை.

"நடுவுல நிறுத்தாம எத்தனை தடவைன்னு கேக்கிறேன்."

அப்படி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வேலையே அப்படித்தான். நாலு நொடி கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், திருத்த வேண்டும். அப்புறம் அடுத்த நாலு நொடி.

ஹபீபா பாட்டை ஓடவிட்டார். முதல் வரி முடிவதற்குள் சற்குணத்தின் கை தானாகப் போய் நிறுத்தியது. அந்த இடம் மட்டும் லேசாக, என்று ஏதோ சொன்னார். ஹபீபா மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் கை போனது.

மூன்றாவது தடவை ஹபீபா எழுந்து போய், பிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் விளிம்பு வரை டீ ஊற்றி, கைக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"குடிக்காதீங்க. சும்மா பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. கார்ப்பெட் புதுசு."

திருத்திய பாட்டு நாலரை நிமிடமும் ஓடியது. ஒரு சொட்டு டீ அசையவில்லை. உண்மையைச் சொன்னால், பாதியில் சற்குணம் வீட்டில் ஃபேனை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதைத் தானே கவனித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து ஹபீபா, வேதவல்லி முதல் நாள் பாடியதைப் போட்டார். யாரும் கை வைக்காதது.

ஊரைவிட்டுக் கிளம்புகிற ஒருத்தியின் பாட்டு அது. இரண்டாவது சரணத்தில், போய் வருகிறேன் என்று சொல்லும் இடத்தில் அவளுக்கு மூச்சு தட்டி, சுருதி ஒரு நூல் இறங்கியது. முதல் நாளே அரை நிமிடத்தில் அவர் தூக்கி நிறுத்திய இடம். விரல் துடித்தது. கையிலோ டம்ளர்.

பாட்டு நிற்காமல் போனது. அடுத்த வரி வந்தது.

அப்போதுதான் முந்தின வரி ஏன் இறங்கியது என்று அவருக்குத் தெரிந்தது. போகிறவளுக்குத் திரும்பி வரும் எண்ணமே இல்லை.

டீ மணிக்கட்டில் வழிந்து கார்ப்பெட்டில் விழுந்தது. சுட்டது அவருக்கு உறைக்கவில்லை.

கடைசிச் சரணத்தில் ஓரிடத்தில் தாளம் நன்றாகவே தடுக்கியது. சற்குணம் முகத்தைச் சுளித்தார்.

"அதைத் திருத்திடுங்க. அது தப்பு," என்றார் ஹபீபா.

அந்த ஒன்றை மட்டும் திருத்தி அனுப்பினார்கள். நாலரை மணிக்கு வேதவல்லி கூப்பிட்டாள்.

"சார், இது நான்தான். பேர் போட்டுக்குங்க. ஆனா ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் இறங்கியிருக்கு சார், எனக்கே கூச்சமா இருக்கு. அதை மட்டும் சரி பண்ணிடுங்களேன்."

"அதுக்கு அப்புறம் கேட்டியாம்மா?"

"இல்ல சார். அங்கேயே நிறுத்திட்டேன்."

சற்குணம் கார்ப்பெட்டில் இருந்த கறையைப் பார்த்தார்.

"வீட்ல டீ இருக்காம்மா?"