எண் விட்டுப்போன தாள்

சவரிமுத்து பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். ஐம்பது வயதுக்கு மேல்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்குக் குரு பேராசிரியர் மரகதவல்லி. மியூசியத்துக் கூடத்தில் தொங்குகிற பெரிய அம்மன் படத்தை வரைந்தது கோவிந்தராஜு என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர் அந்த அம்மாள். சவரிமுத்துவின் ஆராய்ச்சியும் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நின்றது.

அன்று மியூசியத்தின் ஆவண அறையில் பழைய கடிதக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கிவிட்டது. எழுந்துபோய் அடுத்த மேசையில் இருந்த குருவின் பக்கத்தில் நின்றார்.

"என்ன சவரி, பேயைப் பார்த்தீங்களா?"

"பேயே தேவலைம்மா. கோவிந்தராஜு மியூசியத்துக்குக் கைப்பட எழுதின கடிதாசி. அம்மன் படம் நான் வரைஞ்சதில்லை, என் கொழுந்தியா குப்பம்மாள் வரைஞ்சது, அவ பேரைப் போடுங்கன்னு கேட்டிருக்கார்."

குரு கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"உங்க புத்தகம் போச்சு. என் நாலு வருஷமும் போச்சு." குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணும்மா. எல்லாத் தாள் மூலையிலயும் எண் இருக்கு. நாற்பத்தொண்ணுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவுல இருக்கிற இதுக்கு மட்டும் இல்லை. காணாமப் போனாலும் யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு நடுங்குறீங்க?"

"அப்படி ஒரு நினைப்பு வந்துச்சே, அதுக்குத்தான். என் கையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

மரகதவல்லி திரும்பினார். "அந்தோணியம்மா, இங்க ஒரு தாளுக்கு எண் விட்டுப்போயிருக்கு, வாங்க."

ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அடடே! இத்தனை வருஷமா இந்தக் கட்டைப் புரட்டுற பேராசிரியரம்மா கண்ணுலகூடவா படலை?"

அவள் பென்சிலால் 41-அ என்று மூலையில் போட்டாள். பதிவேட்டிலும் ஏற்றினாள். போய்விட்டாள்.

சவரிமுத்து அந்தப் பென்சில் எண்ணையே பார்த்தார். "இனிமே யார் வேணும்னாலும் சீட்டு எழுதிக் கேட்டுப் படிப்பாங்களே அம்மா. உங்களைத்தானே பிச்சு எடுப்பாங்க. பயமா இல்லையா?"

"பாருங்க." குரு கையை மேசைமேல் விரித்தார். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் எப்படிம்மா அவங்களைக் கூப்பிட்டீங்க?"

"என் புத்தகம் வந்த மறுமாசமே இந்தத் தாளைப் பார்த்துட்டேன் சவரி. எடுக்கவும் பயம், சொல்லவும் பயம். இருந்த இடத்துலயே வெச்சு மூடிட்டேன். இந்தக் கட்டை வேணும்னு நீங்க சீட்டு எழுதின நாள்லேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

சவரிமுத்து தாளை அதன் இடத்தில் வைத்துக் கட்டைக் கட்டினார்.

மரகதவல்லி எழுந்து புடவையை உதறிக்கொண்டார்.

"இப்பத்தான் பசிக்குது. கேன்டீன்ல சாப்பாடு தீர்றதுக்குள்ள வாங்க."